இறுகிப்போன வீல் நட்டுக்கு எந்த இம்பாக்ட் ரெஞ்ச் பொருந்தும்?

காரோடு வந்த ஸ்பானரை மாட்டி அதன் மேல் ஏறி நின்றும் வீல் நட்டுகள் அசையவில்லை என்றும், அதனால் நட்டை அடி அடியாகத் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்று வாங்க எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெட்டிகளின் மேல் 300 முதல் 1500 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு) வரை விதவிதமான எண்கள் இருப்பதால் எதை நம்புவது என்று தெரியவில்லை, பெரியதாக வாங்கிவிட்டால் கவலை இல்லையா, காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகி இயக்கும் 12 வோல்ட் கருவியே போதுமா என்று கேட்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக வரவேண்டிய ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. அந்த நட்டு ஏன் அப்படி இறுகியது என்பதுதான் அது. வாகனப் பழுதுபார்ப்பில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கருவியின் அளவும் அதைப் பிடிக்கும் முறையும் அந்தக் காரணத்தைப் பொறுத்தே அமையும்.

பெரும்பாலான பயணிகள் கார்களில் வீல் நட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் முறுக்குவிசை 90 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண் அதன் கையேட்டில் அச்சாகியிருக்கும். நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை, அதாவது நட்டு ஏறும் மரையுள்ள தண்டை, இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுகிறது; மீதியெல்லாம் நட்டின் அடிப்பரப்பிலும் மரைகளுக்கு இடையிலும் உராய்வாகச் செலவாகிவிடும். கழற்றும்போது மரையின் சரிவு நமக்குச் சாதகமாக இருப்பதால், சுத்தமான நட்டு ஒன்று தான் இறுக்கப்பட்ட விசையைவிடச் சற்றுக் குறைந்த விசையிலேயே இளகிவிட வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் நின்றால் ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. ஆகவே 110-க்கு இறுக்கப்பட்ட நட்டு அந்த எடைக்கு அசையவில்லை என்றால், யாரோ அதை அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருக்க வேண்டும், அல்லது துரு அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

இவற்றைப் பிரித்தறிய ஓரளவுக்கு வழி உண்டு. அண்மையில் டயர் மாற்றிய பிறகு நான்கு சக்கரங்களிலும் எல்லா நட்டுகளும் ஒரே மாதிரி அசையாமல் இருந்தால், டயர் மாற்றியவர் காற்றழுத்தத்தால் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்சால் கணக்கில்லாமல் அடித்து இறுக்கியிருக்கிறார் என்று கொள்ளலாம். நான் பார்த்த இறுகிய நட்டுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். பல ஆண்டுகளாகக் கழற்றப்படாத வண்டியில் ஒன்றிரண்டு நட்டுகள் மட்டும் அடம்பிடித்து, ஸ்டட்டின் நுனியிலும் நட்டின் விளிம்பிலும் செம்பழுப்பு நிறம் தெரிந்தால், பெரும்பாலும் துரு. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், மேலே துரு படிந்திருந்தும் உள்மரை பளபளப்பாக இருந்த நட்டுகளையும், வெளியே ஒரு குறையும் தெரியாமல் உள்ளே மரை அடிபட்டுச் சிக்கிக் கிடந்த நட்டுகளையும் பார்த்திருக்கிறேன். உங்கள் நட்டு எந்த வகை என்பதை இங்கிருந்தபடி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இம்பாக்ட் ரெஞ்ச் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் அந்த எண்களின் மயக்கம் பாதி தெளிந்துவிடும். உள்ளே இருக்கும் மோட்டார் நட்டை நேராகத் திருப்புவதில்லை. அது ஒரு கனமான சுத்தியலைச் சுழற்றுகிறது. நட்டு தடுக்கும்போது அந்தச் சுத்தியல் ஸ்பிரிங்கை அமுக்கிப் பின்வாங்கி, மீண்டும் வேகமெடுத்து வந்து நட்டைக் கவ்வும் குழல் போன்ற சாக்கெட் மாட்டியிருக்கும் அச்சின் பட்டறைக்கல் போன்ற பகுதியை அடிக்கிறது. ஒரு நிமிடத்தில் இப்படி ஈராயிரம், மூவாயிரம் அடிகள் விழுகின்றன. ஒவ்வோர் அடியும் மிகச் சிறிய கணத்துக்குள் முடிந்துவிடுவதால், 500 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் கருவியை ஒரு கையால் பிடித்திருந்தாலும் மணிக்கட்டு முறுகுவதில்லை. துருவை உடைப்பதற்கும் இந்த அடிகள்தான் உதவுகின்றன. நீளக் கம்பியால் சீராக அழுத்தினால் ஸ்டட் முறுகிக்கொண்டே போகும். அடுத்தடுத்து விழும் அடிகளிலோ மரைகளுக்கிடையே இறுகிய துரு சிறுகச் சிறுகப் பொடிந்து இடம் விடுகிறது.

முறுக்குவிசை அடிகளாக வருவதால், அந்த அடி நட்டுக்குப் போய்ச் சேரும் வழியில் எங்கெல்லாம் நெகிழ்ச்சி இருக்கிறதோ அங்கெல்லாம் அது கரைந்துவிடும். நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி ஒரு ஸ்பிரிங் போல முறுகி அடியை விழுங்கும். தளர்வான சாக்கெட்டும், வளைந்து கொடுக்கும் மூட்டும், சாக்கெட் மாட்டும் சதுர முனை தேய்ந்திருப்பதும் அப்படித்தான். எனவே பெட்டியின் மேல் 700 என்று போட்டிருக்கும் கருவி, உங்கள் நட்டின் மேல் 700 கொடுக்கும் என்று எண்ண வேண்டாம். அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இறுக்கும் விசை ஒன்று, கழற்றும் விசை என்று அதைவிடப் பெரிதாக இன்னொன்று என இரண்டு எண்களைப் பலர் அச்சிடுகிறார்கள். இரண்டாவது எண் பெரும்பாலும் பட்டறைக்கு உகந்த நிலையில், முழுமையாக மின்னேற்றிய பேட்டரியோடு, குறுகிய சாக்கெட்டோடு கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் இரண்டு கருவிகளை ஒப்பிட அந்த எண்கள் பயன்படும். வேறு வேறு நிறுவனங்களின் எண்களை அடுக்கி வைத்து எது வலியது என்று முடிவு செய்வதை நான் நம்புவதில்லை. சில பெட்டிகளில் அடி-பவுண்டு கணக்கிலும் எண் இருக்கும், அதை 1.36-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 500 அடி-பவுண்டு என்பது ஏறத்தாழ 680 நியூட்டன் மீட்டர்.

நான் கைக்கொள்ளும் கணக்கு எளிது. இது எந்த நூலிலும் எழுதியிருக்கும் விதி அன்று, அனுபவத்தில் படிந்தது. கழற்ற வேண்டிய நட்டுக்குக் கையேட்டில் சொல்லப்பட்ட விசையைப் போல நான்கு அல்லது ஐந்து மடங்கு, கருவியின் கழற்றும் விசையாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். 120 நியூட்டன் மீட்டர் வீல் நட்டுக்கு 500 முதல் 700 வரை என்று கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் போல்ட்டுகள் பலவும் இதற்குள் அடங்கிவிடும். முன்சக்கர ஆக்ஸில் நட்டு வேறு கதை. அது 30, 32 அல்லது 36 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; பல கார்களில் அதற்கான விசையே 200-க்கு மேல் போகும்; சாலையின் நீரும் சேறும் நேராக அதன் மேல் படுவதால் துருவும் மிகுதி. என்ஜினின் கிராங்க் புல்லி போல்ட்டும் அப்படியே. இவற்றையும் நீங்களே கழற்றப் போகிறீர்கள் என்றால்தான் 1000-க்கு மேற்பட்ட கருவி தேவைப்படுகிறது.

அப்படியானால் ஆயிரத்தைந்நூறை வாங்கி வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் ஆகுமே என்று தோன்றலாம். எடை ஒரு தடை. நடுத்தரக் கருவி பேட்டரியோடு 2 கிலோவை ஒட்டி இருக்கும். பெரியது 3 கிலோவைத் தாண்டும், நீளமும் கூடும், சஸ்பென்ஷன் பக்கம் நுழையாது. அதைவிடப் பெரிய தடை ஸ்டட்டின் வலிமை. பல கார்களின் வீல் ஸ்டட் 12 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. துரு பிடித்த நட்டு அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது மிகப் பெரிய கருவியை முழு வேகத்தில் அழுத்தினால், நட்டு இளகுவதற்கு முன் ஸ்டட் முறிந்துவிடும். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், லாரிகளுக்கு வைத்திருந்த பெரிய காற்றுக் கருவியை எடுத்து ஒரு சிறிய காரின் பின்சக்கரத்தில் வைத்தேன். ஓசை மாறியதைக் கவனித்துப் பொத்தானை விடுவதற்குள் இரண்டு ஸ்டட்டுகள் முறிந்திருந்தன. நட்டைக் கழற்ற வந்தவருக்கு சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பைப் பிரித்து ஸ்டட் மாற்றிக் கொடுக்க ஒரு நாள் போயிற்று. நடுத்தரக் கருவி என்றால் அதே நட்டோடு சில விநாடிகள் கூடுதலாகப் போராடியிருக்கும். அந்த விநாடிகளில் நான் கைவிட்டிருக்க முடியும்.

சதுர முனையின் அளவைப் பொறுத்தவரை காருக்கு அரை அங்குலம்தான். முக்கால் அங்குலம் கனரக வண்டிகளுக்கு உரியது. எட்டில் மூன்று (3/8) அங்குல முனையுள்ள சிறிய கருவிகள் என்ஜின் பகுதியில் வசதியானவை, ஆனால் அவற்றில் எல்லாமே வீல் நட்டுக்குப் போதுமானவை அல்ல. கால் அங்குல அறுகோணத் துளையுள்ள இம்பாக்ட் டிரைவர் மரத்தில் ஸ்குரூ ஏற்றுவதற்கானது. அதற்கு ஒரு அடாப்டர் மாட்டி வீல் நட்டில் வைப்பவர்கள் பெரும்பாலும் அடாப்டரை முறித்துக்கொள்கிறார்கள்.

எதனால் இயங்கும் கருவி என்பதில், வீட்டில் வைத்துக் கொள்பவருக்குப் பேட்டரிக் கருவியே என் பரிந்துரை. 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரே பேட்டரிதான்: உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் தொடராக இருக்கும், அவற்றின் சராசரி மின்னழுத்தத்தைச் சொன்னால் 18, முழுமையாக ஏற்றியவுடன் இருப்பதைச் சொன்னால் 20. ஆகவே அந்த வேறுபாட்டுக்காக ஒன்றைத் தள்ளி இன்னொன்றை எடுக்க வேண்டாம். பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் ஆம்பியர் மணி எண்ணைப் பாருங்கள். 2 ஆம்பியர் மணிப் பேட்டரியில் வழக்கமாக ஒரு வரிசை செல்தான் இருக்கும். 4 அல்லது 5 என்றால் இரண்டு வரிசை இருக்கும், அல்லது பெரிய செல்கள் இருக்கும். இம்பாக்ட் ரெஞ்ச் திடீரென்று பெருமின்னோட்டம் கேட்கும் கருவி என்பதால், சிறிய பேட்டரியை மாட்டினால் அதே கருவியின் அடி மெலிந்துபோவதைக் கையிலேயே உணரலாம். கருவி பலவீனமானது என்று என்னிடம் கொண்டு வந்தவர்களில் சிலருக்கு, பெரிய பேட்டரியை மாட்டிக் காட்டியதும் குறை தீர்ந்திருக்கிறது. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் இருப்பது நல்லது. சூடு குறைவு, ஆயுள் கூடுதல். பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள். வெப்பம் லித்தியம் செல்லை விரைவில் கெடுக்கும்.

காற்றுக் கருவி மலிவானது, நீடித்து உழைப்பது, ஆனால் அதற்குத் தீனி போட கம்ப்ரஸர் வேண்டும். பெரும்பாலான காற்றுக் கருவிகளின் எண்கள் 6.2 பார் அழுத்தத்தை, அதாவது 90 பிஎஸ்ஐ-யை, கருவி இயங்கும்போது அதன் வாயிலில் பெற்றால் மட்டுமே பொருந்தும். சிறிய தொட்டியும் மெல்லிய குழாயும் இருந்தால் சில விநாடிகளில் அழுத்தம் சரிந்து, கருவி சுற்றுமே தவிர அடிக்காது. ஏற்கெனவே பெரிய கம்ப்ரஸர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது சரி. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் துளைக்கான ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர் வரைதான். 15 ஆம்பியர் என்று கொண்டாலும் 180 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. ஓர் அடிக்குத் தேவையான ஆற்றலைச் சேர்க்க அதன் சுத்தியல் நீண்ட நேரம் சுழல வேண்டியிருக்கும். சரியான அளவில் இறுக்கப்பட்ட நட்டை அது கழற்றிவிடும். உங்கள் நட்டோ, நீங்கள் ஏறி நின்றும் அசையாதது.

கருவிக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியாவது சாக்கெட்டுக்குக் கொடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். கைக்கருவிப் பெட்டியில் இருக்கும் பளபளப்பான குரோம் பூசிய சாக்கெட் கடினமானது. தொடர் அடிகளுக்கு அது விரிசல் விட்டுச் சிதறும். எங்கள் பட்டறையில் அப்படிச் சிதறிய ஒரு துண்டு உடன் வேலை செய்தவரின் புருவத்துக்கு மேல் பாய்ந்தது. ஒரு விரற்கடை கீழே என்றால் கண் போயிருக்கும். இம்பாக்டுக்கு என்றே செய்யப்படும் கறுப்பு நிறச் சாக்கெட்டுகள் குரோம் மாலிப்டினம் எஃகில், சற்று நெகிழ்ந்து கொடுக்கும்படி பதப்படுத்தப்பட்டவை. பன்னிரண்டு முனையுள்ளதை விட்டு, ஆறு முனையுள்ளதையே எடுங்கள். அது நட்டின் மூலைகளைப் பற்றாமல் பக்கங்களைப் பற்றும், எனவே நட்டு மழுங்காது. 17, 19, 21 ஆகிய மூன்றும் பெரும்பாலான கார்களுக்குப் போதும். அலாய் வீல் என்றால் பக்கம் மெலிந்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்ட ஆழமான சாக்கெட் வேண்டும். நட்டின் மேல் மெல்லிய உலோக மூடி போர்த்தியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மூடிக்கடியில் துரு புகுந்து நட்டு உப்பிப்போகும், 21 சாக்கெட் ஏறாது, 22 தளரும். இதற்கென்றே 21.5 அளவில் சாக்கெட் கிடைக்கிறது. திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டு ஏதாவது ஒன்று சக்கரத்தில் இருந்தால், அதன் சாவியில் இம்பாக்ட் ரெஞ்சை ஒருபோதும் வைக்காதீர்கள். அந்தச் சாவி அடி தாங்காது. அது உடைந்துவிட்டால் நட்டைக் கழற்றுவது பெரும்பாடு.

வாங்கிய பிறகு நட்டை நேராகப் போய் அடிக்க வேண்டாம். கம்பி பிரஷால் மரையைத் தேய்த்து, துருவை இளக்கும் ஸ்ப்ரேயை ஸ்டட்டும் நட்டும் சேரும் இடத்தில் மட்டும், பிரேக் டிஸ்க்கில் படாமல் அடித்து, முடிந்தால் ஓர் இரவு ஊற விடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஹேண்ட் பிரேக் போட்டு, எல்லா நட்டையும் இளக்கிவிட்டுப் பிறகு ஜாக்கி வையுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் அணியுங்கள். இந்தக் கருவிகளின் ஓசை 100 டெசிபெலை எட்டக்கூடியது. எக்ஸ்டென்ஷன் இல்லாமல் சாக்கெட்டை நேராக மாட்டி, கருவியை நட்டின் மேல் அழுத்திப் பிடித்து, ஐந்து விநாடி அடித்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் ஒரு கணம் இறுக்கும் பக்கம் அடித்து, மீண்டும் கழற்றும் பக்கம் அடியுங்கள்; துருவின் பிடி இப்படி முன்னும் பின்னும் அசைப்பதில் விட்டுக்கொடுக்கும். இளகத் தொடங்கியவுடன் நட்டு கிறீச்சிட்டு மீண்டும் இறுகினால், மரை அடிபடுகிறது என்று பொருள். அங்கே நிறுத்தி, நட்டைச் சற்று இறுக்கும் பக்கம் திருப்பி, மீண்டும் ஸ்ப்ரே அடியுங்கள். தீச்சுடரால் சூடேற்றும் முறையை டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தில் முயலவே கூடாது, டயர் வெடித்து உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் நேர்மையானதாக இராது. ஆண்டுக்கு ஓரிரு முறை சக்கரம் கழற்றுவது மட்டுமே உங்கள் தேவை என்றால் இம்பாக்ட் ரெஞ்சே வேண்டியதில்லை. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள அரை அங்குல பிரேக்கர் பார் (சாக்கெட் மாட்டும் நீளக் கைப்பிடிக் கம்பி) ஒன்றும் சரியான ஆறு முனைச் சாக்கெட்டும் போதும். அதே 70 கிலோ எடைக்கு அது 410 நியூட்டன் மீட்டர் தரும், ஆனால் ஏறி நிற்காமல் கையால் அழுத்துங்கள், கம்பி நழுவினால் விழுவீர்கள். அது பேட்டரி தீர்ந்து நிற்காது, காரின் பின்பெட்டியிலும் கிடக்கலாம். இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கினாலும் இதையும் வாங்குங்கள்.

பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளையும் நீங்களே பார்க்கப் போகிறீர்கள் என்றால் என் தேர்வு இப்படி அமையும்: அரை அங்குல முனை, 18 வோல்ட், பிரஷ் இல்லாத மோட்டார், 600 நியூட்டன் மீட்டரை ஒட்டிய கழற்றும் விசை, குறைந்தது மூன்று வேக நிலைகள், நட்டு இளகியவுடன் தானே நின்றுவிடும் வசதி, 4 அல்லது 5 ஆம்பியர் மணிப் பேட்டரி. ஏதாவது ஒரு நிறுவனத்தின் டிரில் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதே பேட்டரியை ஏற்கும் கருவியையே பாருங்கள். வேக நிலைகளை வலியுறுத்துவது சிறிய போல்ட்டுகளுக்காக. 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைச் சாதாரணமாக 25 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் இறுக்குவார்கள். முழு வேகத்தில் வைத்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் முறியும். 6 மில்லிமீட்டர் போல்ட்டின் பக்கம் இந்தக் கருவியைக் கொண்டே போகாதீர்கள்.

மாட்டும்போது இந்தக் கருவியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். நட்டைக் கையால் சில சுற்றுகள் ஏற்றி, சிறிய ஸ்பானரால் எதிரெதிர் வரிசையில் சேர்த்து, சக்கரத்தைத் தரையில் இறக்கியபின் முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள எண்ணுக்கு இறுக்குங்கள். கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். கழற்றும்போது அடித்த ஸ்ப்ரேயையும் துடைத்துவிடுங்கள். உராய்வு குறைந்தால் அதே எண்ணுக்கு ஸ்டட் அளவு கடந்து இழுபடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள். முறுக்குவிசையை நிறுத்தும் வசதி இருப்பதாகச் சொல்லும் இம்பாக்ட் ரெஞ்சுகளிலும், நான் முன்பே சொன்ன காரணத்தால், அந்த எண் நட்டைப் பொறுத்தும் சாக்கெட்டைப் பொறுத்தும் மாறும். கடைசி இறுக்கத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

முதலில் கையேட்டில் உங்கள் வண்டியின் எண்ணையும் நட்டின் அளவையும் பாருங்கள். எல்லா நட்டும் அசையவில்லையா, ஒன்றிரண்டு மட்டுமா என்பதையும் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் என்றால், ஓர் இரவு ஸ்ப்ரேயில் ஊற வைத்துப் பிரேக்கர் பாரால் முயன்ற பிறகு கருவி வாங்குவதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.